அழுகிய இலையும் ஞாயிற்றுக்கிழமையும்

அன்புள்ள அக்கா,

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் நான்காம் மாடியில் குடியிருக்கிறேன். ஜெயநகர் தோழி ஒருவர் போன வருடம் பிரம்ம கமல இலை ஒன்று கொடுத்து, தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன், அழுகிவிட்டது. சொல்லக் கூச்சமாக இருந்ததால் ‘வேர் விட்டிருக்கு’ என்று சொல்லிவிட்டேன். கூடவே கொடுத்த கறிவேப்பிலைக் குச்சியும் காய்ந்துபோனது. வருகிற ஞாயிறு அவர் வீட்டுக்கு வருகிறார். சித்தாபுரா நர்சரியில் ஒரு செடி வாங்கி வைத்துவிடலாமா? எனக்குக் கைராசி இல்லை என்றுதான் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம். தோழியும் உங்கள் எழுத்தைப் படிப்பவர்.)

அன்புள்ள பெயரிலிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் ஜெயநகர், பிரம்ம கமலம், ஒரு டம்ளர் தண்ணீர் எல்லாம் அப்படியே இருக்கிறதே! இதைப் படிக்கும்போதே தோழிக்கு விஷயம் புரிந்துவிடும். அதனால் நர்சரிக்குப் போகிற செலவு மிச்சம். போனாலும் பயனில்லை. போன வருடம் நட்ட ஒற்றை இலையில் இந்நேரம் இரண்டு மூன்று தளிர் வந்திருந்தாலே பெரிது. நீங்கள் வாங்கி வைக்கப்போவது புதராக நிற்கும். செடி வளர்க்கிறவர்களின் கண் அதைத்தான் முதலில் பார்க்கும்.

ஆனாலும் நீங்கள் அவரிடம் வாய் திறந்து சொல்லவேண்டும். ஏன் என்பதற்கு என் கதை.

எங்கள் வீட்டில் ஓர் அடுக்குச் செம்பருத்தி இருந்தது. அம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து நாலு குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, கும்பகோணத்திலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. 2024 மார்ச்சில் எங்கள் தெருவில் போர்வெல் வற்றியது. குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்திருந்த சமயம். அரிசி கழுவிய தண்ணீரை மிச்சம் பிடித்து ஊற்றினேன். தொட்டிச் செம்பருத்திக்கு அது எந்த மூலைக்கு? ஏப்ரலில் குச்சியாக நின்றது. நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளேயும் பழுப்பு. அம்மா வீட்டுக் கொல்லையும் இப்போது இல்லை.

பல வருடம் முன்பு ஆர்.டி. நகர் சிநேகிதி ஒருத்திக்கு அதில் குச்சி ஒடித்துக் கொடுத்திருந்தேன். கொடுத்ததே மறந்துபோயிருந்தது. மழை தொடங்கியதும் நாலு குச்சியோடு வந்து நின்றாள். இரண்டு பிடித்தது. விதையில் முளைப்பது தாய்ச்செடியின் பிள்ளை, பூ வேறு மாதிரியும் இருக்கலாம். குச்சியில் வருவதோ அதே செடிதான். அம்மா கை வைத்த செம்பருத்திதான் இன்று என் பால்கனியில் நிற்கிறது.

உங்கள் தோழி உங்களிடம் போட்டு வைத்ததும் அப்படி ஒரு டெபாசிட்தான். ஒயிட்ஃபீல்டில் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியத்தில் அவர் இருக்கிறார். இல்லை என்று தெரிந்தால்தானே வேறு எங்காவது ஒன்று போட்டு வைப்பார்?

இனி அந்த டம்ளர் தண்ணீர். அவர் சொன்னது தப்பில்லை, அவர் வீட்டுக்கு. மொட்டைமாடி, காற்று, மண் தொட்டி என்றால் ஈரம் பக்கவாட்டிலேயே ஆவியாகிப் போய்விடும். உங்களுடையது பிளாஸ்டிக் தொட்டியா, பால்கனியில் வெயில் விழுமா என்று நீங்கள் எழுதவில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். யோசனை சொல்கிறவர்கள் எல்லோரும் தங்கள் மாடியில் நின்றுகொண்டுதான் சொல்கிறார்கள், நான் உட்பட. அடுத்த முறை ‘எவ்வளவு ஊற்றணும்?’ என்று கேட்காமல், ‘உங்க தொட்டி எங்கே இருக்கு, என்ன மண்?’ என்று கேளுங்கள்.

பிரம்ம கமலம் என்று பெயர் வைத்துக்கொண்டாலும் அது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. இமயமலையில் பூக்கிற பிரம்ம கமலம் வேறு செடி. நாம் இலை என்பதும் இலை இல்லை, தட்டையான தண்டு. அதனால்தான் அதை நட்டால் வேர் விடுகிறது. சொந்த ஊரில் மரத்தின்மேல் தொற்றி வளர்கிற ஜாதி, வேருக்குக் காற்று வேண்டும். வெட்டின இலையை நிழலில் நாலைந்து நாள் போட்டு வையுங்கள். வெட்டுவாய் தோல் கட்டியதும், மணலும் தேங்காய் நாரும் கலந்த மண்ணில் இரண்டு அங்குலம் செருகுங்கள். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். (நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.) பூவுக்குச் சில வருடமாவது பொறுக்க வேண்டும்.

கைராசி என்பதை நானும் கொஞ்சம் நம்புகிறவள்தான். மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒடித்து வந்ததும் உண்டு. ஆனால் ஓர் இலை அழுகியதற்கெல்லாம் கையைக் குறை சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காலித் தொட்டியைக் கூடத்திலேயே வையுங்கள். அவர் கொண்டுவரும் இலையின் விளிம்பு மடிப்புகளில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாவுப்பூச்சி இப்படித்தான் வீடு மாறும். இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு, இரண்டு வாரம் மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.

அப்புறம் கறிவேப்பிலை. அது குச்சியில் லேசில் பிடிக்காது. தாய்மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்று ஒன்றை மண்ணோடு பெயர்த்துத் தரச் சொல்லுங்கள். அவரிடம் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், என் தொட்டியைச் சுற்றி மூன்று நிற்கின்றன.