ஏஐ எழுதுன குறிப்பை என்ன பண்றது? – கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம். நாங்க தண்டையார்பேட்டைல பாலிடெக்னிக் பசங்க கொஞ்ச பேர் ஞாயித்துக்கிழமைல கூடி எலக்ட்ரானிக்ஸ், பைத்தான்லாம் கத்துக்கறோம். செஞ்சு பாத்ததை குறிப்பா எழுதி ஒரே எடத்துல சேத்து வைப்போம், அடுத்த பேட்ச் அதைப் பாத்துதான் செய்யும். இப்ப வர்றதுல பாதி சாட்ஜிபிடி எழுதுன மாதிரியே இருக்கு. மொத்தமா தடை போடணும், ஏஐ கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர்ல போட்டு பாத்து தூக்கணும்னு சீனியருங்க சொல்றாங்க. இன்னொரு கோஷ்டி, காலம் மாறிடுச்சு, விட்டுடலாம்ங்குது. என்ன ரூல் போடலாம்?
– ஒரு வாசகர்

அன்புத் தம்பிக்கு,

ரூல் வேணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்த கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரை மட்டும் தயவுசெஞ்சு உள்ள விடாதீங்க. சாட்ஜிபிடியை செஞ்ச ஓப்பன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரில அப்படி ஒண்ணு விட்டாங்க, சரியா கண்டுபிடிக்க மாட்டேங்குதுன்னு ஜூலைல அவங்களே நிறுத்திட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு ஆளுங்க ஒரு ஆய்வு செஞ்சாங்க, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க டோஃபல் பரீட்சைக்கு எழுதுன கட்டுரைங்கள்ல பாதிக்கு மேல மெஷின் எழுதுனதுன்னு இந்த மாதிரி கருவிங்க சொல்லிருக்கு. எளிமையான வார்த்தையா இருந்தா அதுக்கு சந்தேகம் வருது. நம்ம பசங்க இங்கிலீஷ் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். கார்ப்பரேஷன் ஸ்கூல்ல படிச்சுட்டு வந்த புள்ள ராத்திரி முழிச்சு தானே எழுதிக் கொண்டாந்தா, இது நீ எழுதல‌ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா, அப்பால அந்தப் புள்ள உங்க பக்கமே வராது.

அதுக்காக விட்டுடலாம்னும் இல்ல. ப்ரோக்ராம் எழுதறவங்க கேள்வி கேட்டு பதில் வாங்கற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வெப்சைட்ல 2022 டிசம்பர்ல, சாட்ஜிபிடி வந்து ஒரு வாரம் கூட ஆகல, அதுல எடுத்த பதிலைப் போடக்கூடாதுன்னு தடை போட்டாங்க. பதில் பாக்க சரி மாதிரியே இருக்கு, தப்பு நெறைய, போடறவனுக்கு நிமிஷ வேலை, சரிபாக்கறவனுக்கு தாவு தீருது. உங்க குரூப்புல அந்த சரிபாக்கறவன் யாரு? வேலைக்குப் போய்ட்டு ஞாயித்துக்கிழமை லீவையும் விட்டுட்டு வர்ற ரெண்டு மூணு சீனியருங்கதானே.

ஒரு உதாரணம் சொல்றேன். மழைல கணேசபுரம் சுரங்கப்பாதைல தண்ணி எவ்ளோ ஏறுதுன்னு அளக்க ஒரு ப்ராஜெக்ட்னு வச்சுக்கோங்க. சத்தம் அனுப்பி தூரம் அளக்கற ஹெச்.சி-எஸ்.ஆர்04 சென்சாரை, ப்ரோக்ராம் ஓடற ஈஎஸ்பி32ங்கற சின்ன போர்டுல மாட்டுன்னு குறிப்பு அழகா வரும். ஆனா அந்த சென்சாரோட எக்கோ பின்ல, அதாவது சிக்னல் வெளிய வர்ற கால்ல, 5 வோல்ட் வரும், ஈஎஸ்பி32 பின் தாங்கறது 3.3தான், நடுவுல 1 கே, 2 கே ரெசிஸ்டர் போட்டு குறைக்கணும், அந்த ஒரு வரி விட்டுப்போயிருந்தா? உடனே புகை வந்தாலாவது தெரியும், கொஞ்ச நாள் ஓடிட்டு அப்புறம் போகும், ரிச்சி ஸ்ட்ரீட்ல காசு சேத்து வாங்குன போர்டு. அப்புறம் அந்த சென்சார் மழைல நனையக்கூடாது, வாட்டர்ப்ரூஃப் மாடல் வாங்கினா அது சுமார் 20 செ.மீ.க்குள்ள வந்த தண்ணியை ஒழுங்கா காட்டாது, இதெல்லாம் மாட்டிப் பாத்தவன்தான் மறக்காம எழுதுவான்.

அதனால யாரு டைப் பண்ணதுன்னு தோண்டாதீங்க, செஞ்சு பாத்தியான்னு கேளுங்க. குறிப்போட சொந்த போர்டு ஃபோட்டோ, சீரியல் மானிட்டர்ல (போர்டு அனுப்பறதை கம்ப்யூட்டர்ல காட்டற விண்டோ) வந்த அளவு, எங்க மாட்டிக்கிட்டு எப்படி சரி பண்ணான்னு நாலு வரி, இது இல்லாம வந்தா படிக்காமயே திருப்பிக் குடுக்கற உரிமை சீனியருக்கு இருக்கணும், அதை ரூல்லயே எழுதிடுங்க. ஏஐ கிட்ட எதுக்கெல்லாம் உதவி கேட்டேன்னு மேல ஒரு வரி போடணும். ஸ்பெல்லிங் பாக்க, இங்கிலீஷ் திருத்த யூஸ் பண்ணா தப்பே இல்ல, அதுக்கு யாரும் கூச்சப்பட வேணாம். நான் சொல்றதுன்னா தமிழ்லயே, பேசற மாதிரியே எழுதச் சொல்லுங்க, பாதி பசங்க ஏஐ பக்கம் ஓடறதே இங்கிலீஷுக்கு பயந்துதான்.

ஏற்கனவே வந்து சேந்த குறிப்புங்களை அழிக்காதீங்க. இன்னும் செஞ்சு பாக்கலைன்னு மேல எழுதி தனியா வைங்க, எழுதுனவனையே அடுத்த ஞாயிறு போர்டோட உக்கார வைங்க, ஓடுனா பழைய எடத்துலயே சேத்துடலாம்.