பையில் பச்சை இலை, பதிவில் அம்மா

கேள்வி: எங்கள் ஒரு ஏக்கர் காணிக் கொழுந்தை லொறிக்குக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் தூள் வாங்கிப் பையில் அடைத்து எல்லவில் விற்கிறேன். ஜெர்மனியில் ஒரு கடையும் கேட்கிறது. நான் அரசாங்க வேலையில் இருப்பதால், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மாவின் பெயரில் வியாபாரப் பதிவு. பையில் ‘100% சேதனத் தேயிலை’, ‘சூழலுக்கு உகந்தது’, ‘மக்கும் பை’ என்று போட்டு, பச்சை இலை முத்திரையும் வைத்தால் பிழையா? எல்லாரும் போடுகிறார்களே.
- வாசகர், பண்டாரவளை

பதில்: எல்லாரையும் விடுங்கள் தம்பி, அம்மாவைப் பற்றிப் பேசுவோம். பிரதேச செயலகத்தில் நீங்கள் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்து வைத்திருப்பார். பையில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று சொன்னீர்களா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30, 31ஆம் பிரிவுகள் ஏமாற்றும் நடத்தையையும் பொய்க் கூற்றையும் தடுக்கின்றன. முறைப்பாடு வந்தால் முதலில் தேடுவது பதிவில் உள்ள பெயரை. வேலை உங்களுக்கு, வழக்கு அம்மாவுக்கா? பிள்ளை செய்கிற காரியமா இது?

‘சேதனம்’ உங்கள் கேள்வியின் முதல் வரியிலேயே விழுகிறது. லொறியில் ஏறிய கொழுந்து ஊர்க் கொழுந்தோடு கலந்துவிட்டது. பையிலிருக்கும் தூள் உங்கள் காணியுடையது என்றுகூடச் சொல்ல முடியாது. ஐரோப்பிய விதிப்படி தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு, அறுவடைக்கு முன் 3 வருட மாற்றக்காலம், அதாவது காணியைச் சேதன முறையிலேயே நடத்திய காலம், வேண்டும். தொழிற்சாலைக்கும் சான்றிதழ் வேண்டும், கொழுந்தைத் தனியாக அரைக்கவும் வேண்டும்.

பையைக் கிழித்துப் பாருங்கள். பழுப்புத் தாளுக்குள் வெள்ளிப் படலமோ பொலித்தீனோ இருந்தால் அது மக்காது. சோளமாவுப் பிளாஸ்டிக் என்று விற்பவன் சொன்னால், எங்கே மக்கும் என்று கேளுங்கள். அதில் பெரும்பாலானது 58 பாகை செல்சியஸ் அளவு சூடுள்ள பெரிய உரக்கூடத்துக்கானது. நம் குளிரில் வீட்டுக் குழியில் அப்படியே கிடக்கும்.

‘சூழலுக்கு உகந்தது’ என்ற வெறும் வார்த்தையும், நீங்களே வரைந்த இலை முத்திரையும் 2026 செப்டம்பர் 27 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. ஜெர்மன் கடைக்காரரை மாட்டிவிடாதீர்கள்.

எழுதக்கூடியது சின்ன விஷயம்தான். முன்பு இரண்டு உறை, இப்போது ஒன்று என்றால் அதையே எழுதுங்கள். பழைய பில், புதிய பில் இரண்டையும் கோப்பில் வையுங்கள். ஒரு வரிக்கு ஒரு காகிதம். காகிதம் இல்லாத வரியை அடியுங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவை உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுங்கள். பிறகு உங்கள் திணைக்களத்தில் அனுமதி கேட்டு, பதிவை உங்கள் பெயருக்கு மாற்ற வழி பாருங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் வேலையா வியாபாரமா என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும், அம்மா அல்ல.