சேறு எங்கிருந்து வந்தது?

வணக்கம்.

சிறு அளவு ராணுவ வாகன மாடல்களைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துத்தான் இந்தப் பொழுதுபோக்கிற்குள் வந்தேன். 1/72 அளவில் ஜெர்மானிய பான்சர் 4 டாங்கி ஒன்றை முடித்திருக்கிறேன். அடர்மஞ்சள் அடிவண்ணமும் அதன்மேல் பச்சை, செம்பழுப்புத் திட்டுகளும் பூசிய அன்று அது அழகாகவே இருந்தது. பிறகு காணொளிகளில் பார்த்தபடி, நீர்க்கக் கரைத்த கருப்புப் பெயிண்டை, அதாவது கருப்பு வாஷை, முழுவதும் பூசினேன். விளிம்புகளில் எல்லாம் ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் வெள்ளி நிறத்தைத் தேய்த்து ட்ரை பிரஷ் செய்தேன். ஸ்பாஞ்சால் பெயிண்ட் உரிந்த தழும்புகள் வைத்தேன். துரு ஒழுகிய கோடுகளும், தூசு போலத் தெரிய பிக்மென்ட் எனும் வண்ணத் தூளும் சேர்த்தேன். இப்போது அது போர்முனையிலிருந்து வந்ததைப் போல இல்லை, மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்ததைப் போல இருக்கிறது. எந்தப் படியில் தவறினேன்? காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்கினால் சரியாகிவிடுமா?

கே.

அன்புள்ள கே,

ஏர்பிரஷ் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில், உங்கள் அடிவண்ணம் தூரிகையால் பூசப்பட்டிருந்தாலும் மெல்லியதாகவும் சீராகவும் இருக்கிறது. சிக்கல் அதற்கு மேலே ஏறியவற்றில்தான் இருக்கிறது. நீங்கள் எந்தப் படியையும் தவறாகச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாப் படிகளையும் வண்டி முழுவதற்கும் ஒரே அளவில் செய்திருக்கிறீர்கள். ஒரு கறையை வைக்கும் முன் அது எதனால் வந்தது, எப்போது வந்தது, உண்மையான வண்டியில் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் செய்தவற்றில் பாதியை நீங்களே விட்டிருப்பீர்கள்.

அளவிலிருந்து தொடங்குகிறேன். பீரங்கி பொருத்திய கோபுரத்தின் பக்கவாட்டில் நீங்கள் வைத்திருக்கும் பெரிய தழும்பு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். அதை 72ஆல் பெருக்கினால் பதினொரு சென்டிமீட்டர் வருகிறது, அதாவது ஓர் உள்ளங்கை அகலத்திற்குப் பெயிண்ட் பெயர்ந்து விழுந்திருக்கிறது. குண்டு பட்டால் அப்படி ஆகலாம், ஆனால் உங்கள் கோபுரத்தில் அப்படி முப்பது இடங்கள் இருக்கின்றன. மாடலை நாம் முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்றால், உண்மையான டாங்கியை ஏறத்தாழ இருபத்திரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்கு அது சமம். அங்கிருந்து பார்ப்பவருக்கு ஒரு நாணயம் அளவு உரிந்த இடம் தெரிந்தும் தெரியாமலும்தான் இருக்கும். 1/35 அளவு மாடல்களுக்காகச் செய்யப்பட்ட காணொளிகளைப் பார்த்து அதே ஸ்பாஞ்சை 1/72 மாடலில் ஒற்றும்போது, ஒவ்வொரு தழும்பும் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகிவிடுகிறது. இந்த அளவில் ஸ்பாஞ்சைத் தூர வைத்துவிட்டு, மிக நுண்ணிய தூரிகையின் நுனியால் புள்ளி வைப்பதே நல்லது.

அடுத்தது, உரிந்த இடத்தில் என்ன நிறம் தெரிய வேண்டும் என்பது. இங்கேதான் வரலாறு நமக்கு உதவிக்கு வருகிறது. ஜெர்மானிய ராணுவம் 1943 பிப்ரவரியில்தான் அடர்சாம்பலைக் கைவிட்டு, துங்கெல்கெல்ப் எனப்படும் அடர்மஞ்சளை அடிவண்ணமாக ஏற்றது. பச்சையும் செம்பழுப்பும் களிம்பு வடிவில் படைப்பிரிவுகளுக்குக் கொடுக்கப்பட்டன. அவர்கள் அதைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து, கையில் கிடைத்த கருவியைக் கொண்டு பூசினார்கள். தண்ணீரில் கரைத்துப் பூசியது எளிதில் தேய்ந்துபோகும். ஆகவே வீரர்கள் ஏறி இறங்கும் இடத்தில் பச்சைத் திட்டு தேய்ந்தால் முதலில் தெரிய வேண்டியது கீழே இருக்கும் மஞ்சள். அதையும் தாண்டிச் சுரண்டினால், பெயிண்டுக்கு முன் பூசப்படும் செந்நிற பிரைமர். அதற்கும் கீழேதான் இரும்பு. நீங்கள் எல்லாத் திட்டுகளின்மேலும் நேராக இரும்பையும் துருவையும் காட்டியதால் நடுவில் இருந்த இரண்டு அடுக்குகள் காணாமல் போய்விட்டன. உங்கள் தழும்புகளில் முக்கால் பங்கை வெறும் அடர்மஞ்சளால் வைத்திருந்தாலே போதும். பார்ப்பவரின் கண் அதைத் தேய்மானம் என்று உடனே புரிந்துகொண்டிருக்கும்.

இதை நான் படித்துக் கற்கவில்லை, அவமானப்பட்டுக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் எம்113 கவச வாகனம் ஒன்றை முடித்து, அதன் உடல் முழுவதும் துரு ஒழுகும் கோடுகளை மிகப் பொறுமையாக வரைந்து வைத்திருந்தேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்த மூத்த நண்பர் ஒருவர், பாராட்டப் போகிறார் என்று நான் காத்திருந்த நேரத்தில், "அலுமினியம் எப்போதிலிருந்து துருப்பிடிக்கிறது?" என்று கேட்டார். எம்113இன் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. அந்த மாடல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, ஆனால் பின்வரிசையில்.

வெள்ளி ட்ரை பிரஷ் பழைய பழக்கம். பெல்ஜியத்தைச் சேர்ந்த பிரான்சுவா வெர்லிண்டன் போன்றவர்கள் வாஷையும் ட்ரை பிரஷையும் பரவலாக்கியபோது அதன் நோக்கம் வேறு. சிறிய பொருளின்மேல் விழும் ஒளி, மேடு பள்ளங்களைக் காட்டப் போதாது என்பதால், விளிம்புகளை அடிவண்ணத்தின் வெளிறிய சாயலால் தொட்டு எடுத்துக் காட்டினார்கள். அது பின்னாளில் உலோகம் தெரிவதாக மாறிப் போயிற்று. காற்றும் ஈரமும் பட்ட இரும்பு மின்னிக்கொண்டே இருப்பதில்லை. சீக்கிரமே மங்கிப் பழுப்பேறிவிடும். ஓயாமல் உரசப்படும் இடங்கள் மட்டுமே பளபளக்கும். உங்கள் டாங்கியில் அவை மிகச் சில. தரையைத் தொடும் சங்கிலிப் பட்டையான ட்ராக்கின் வெளிமுகம், முன்புறத்தில் ட்ராக்கை இழுக்கும் பற்சக்கரத்தின் பற்கள், சக்கரங்களுக்கு இடையில் ஓடும் ட்ராக் முனைகள் ஆகியவற்றில் மட்டும் பென்சில் கிராஃபைட்டைத் தேய்த்துவிடுங்கள். மற்ற இடங்களில் வெள்ளி வேண்டாம்.

ஒரே ஒரு சக்கரத்தை எடுத்துப் பாருங்கள். பான்சர் 4இன் கீழ்ச்சக்கரங்களுக்கு ரப்பர் விளிம்பு உண்டு. ரப்பர் கன்னங்கரேலென்று இருக்காது. தூசு படிந்து அடர்சாம்பலாக இருக்கும். அதன் விளிம்பில் பெயிண்டும் இல்லை, எனவே அங்கே உரிவதற்கு ஒன்றும் இல்லை, துருப்பிடிக்கவும் ஒன்றும் இல்லை. வட்டத்தட்டின் பள்ளத்தில் மண் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கும் குடத்திலிருந்து மசகு கசிந்தால், சக்கரம் சுழல்வதால் அது கீழ்நோக்கி வடியாமல் வெளிவட்டத்தை நோக்கி நாலாபுறமும் சிதறும். உங்கள் சக்கரங்களில் எண்ணெய் நேராகக் கீழே வழிந்திருப்பதைப் பார்த்ததும், இந்த வண்டி நெடுநாளாக நகரவேயில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. தோண்டி எடுத்ததைப் போல இருக்கிறது என்று நீங்கள் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வாஷை முழுவதும் பூசாமல் பள்ளங்களில் மட்டும் தொட்டு வையுங்கள். முதலில் பளபளப்பான வார்னிஷ் பூசி நன்றாகக் காயவிட வேண்டும். மங்கலான பரப்பில் வாஷ் ஓடாமல் அங்கங்கே பரவிக் கறையாகும், டீகால்கள் எனும் ஒட்டுச் சின்னங்களுக்கு அடியிலும் காற்று சிக்கி வெள்ளியாகத் தெரியும். பிறகு ஒயிட் ஸ்பிரிட் எனும் கரைப்பானில் கரைத்த அடர்பழுப்பு எனாமலை நுண்தூரிகையில் எடுத்து ஆணித் தலையின் ஓரத்தில் வைத்தால், அது தானாகவே சுற்றிலும் ஓடி நிற்கும். மஞ்சளுக்குக் கருப்பு ஆகாது, பழுப்புதான் இசையும். கால் மணி நேரம் கழித்து, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் மிகுதியை நிற்கும் பரப்புகளில் மேலிருந்து கீழாக இழுத்துவிடுங்கள். அக்ரிலிக்கின்மேல் எனாமல் வாஷ் அடிவண்ணத்தைக் கரைக்காது என்பதே இந்த முறையின் வசதி. பிளாஸ்டிக் இணைப்புகள் இறுக்கமாக இருக்கும் இடங்களில் ஒயிட் ஸ்பிரிட் தேங்கினால் விரிசல் விடும், அதனால் சேஸிஸ் பக்கம் கஞ்சத்தனமாகவே வையுங்கள். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்; பிக்மென்ட் தூளைக் கையாளும்போது முகக்கவசமும் அவசியம்.

இனி, கையில் இருக்கும் இந்த டாங்கி. பெயிண்டை உரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டாம். பிக்மென்டைத் தூரிகையால் தட்டிவிட்டு, மிஞ்சியதை ஒயிட் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒற்றி எடுங்கள். கருப்பு வாஷும் எனாமல் என்றால் அதுவும் ஓரளவு வந்துவிடும். பிறகு, சற்று வெள்ளை கலந்த அடர்மஞ்சளை ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் மிக மெல்லிதாகப் பூசி இருட்டைக் குறையுங்கள். தழும்புகளை அழிக்காதீர்கள். சுற்றியிருக்கும் அந்தந்த இடத்து வண்ணத்தை எடுத்து அவற்றின் ஓரங்களைத் தின்று கொண்டே போனால், ஒன்றரை மில்லிமீட்டர் தழும்பு கால் மில்லிமீட்டராகச் சுருங்கும். நேராகத் தழும்பு வைப்பதைவிட இப்படிச் சுருக்கியெடுத்தவை நன்றாகவே அமையும். இந்தத் தவறில் உங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

அதற்குப் பிறகு, உண்மையான வண்டிக்கு நடந்த வரிசையிலேயே கறைகளை ஏற்றுங்கள். பழைய மழைக் கோடுகள் முதலில், கீழ்ப்பகுதிச் சேறு அடுத்து, அதன்மேல் காய்ந்த தூசு, கடைசியில் எரிபொருள் மூடியின் அருகே நேற்றுச் சிந்திய ஈரம். துருவை சைலன்சரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேற்றின் நிறமும் மாடலை நிறுத்த நீங்கள் செய்யப்போகும் தரைப்பலகையின் மண் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், பலகையை முதலில் செய்துவிட்டு அதே மண்ணைச் சக்கரத்திற்கு எடுத்துக்கொள்வதே எளிது.

முடிந்ததும் படம் அனுப்புங்கள். கைபேசியைப் பக்கத்தில் கொண்டுபோகாமல், முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைத்து எடுங்கள்.