மருத்துவ சீட்டுக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்த நேரத்திலேயே மகளின் கல்லூரி முடிவும் தலையில் வந்து விழுந்திருக்கிறது. பதற்றம் இருக்கத்தான் செய்யும். ஆனால் "வீட்டில் ஒரு டாக்டர் இருந்திருந்தால் முன்பே கண்டுபிடித்திருக்கலாம்" என்று உங்கள் அண்ணன் சொன்னதற்காக வீட்டை அடகு வைத்து அவளை மருத்துவத்தில் சேர்ப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அவளோடு தனியாகப் பேசினேன். வார்டு, நோயாளி, அறுவை சிகிச்சை என்று ஒரு வார்த்தை வரவில்லை. அப்பாவின் கட்டிப் பரிசோதனை அறிக்கையில் 'கேராஸ் ஜி12டி' என்றிருந்த வரியைப் பற்றித்தான் மூச்சுவிடாமல் பேசினாள். கேராஸ் என்பது செல்லை வளரச் சொல்லும் ஒரு சுவிட்ச், அந்தப் புரதத்தில் 12-ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் போய் அஸ்பார்ட்டிக் அமிலம் வந்துவிட்டதால் அது அணையாமலே கிடக்கிறது, அதனால்தான் செட்டுக்சிமாப் மருந்து அப்பாவுக்குப் பயன்படாது என்று எனக்கே விளக்கினாள். பள்ளி முடிக்கும் பெண், தானாகத் தேடிப் படித்தது!

பார்மசி, நர்சிங் பற்றியெல்லாம் சொல்ல ஆட்கள் நிறைய உண்டு, விடுங்கள். கட்டியின் மரபணு மாற்றங்களைப் படித்துப் பொருள் சொல்லும் வேலை ஒன்று இருக்கிறது, வேரியன்ட் அனலிஸ்ட் என்பார்கள். மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து வரிசைப்படுத்தினால் ஏகப்பட்ட மாற்றங்கள் வந்து நிற்கும். பெரும்பாலானவை சும்மா இருப்பவை. எது கட்டியை வளர்க்கிறது, எந்த மருந்து கேட்கும் என்று தரவுத்தளங்களையும் ஆய்வுகளையும் வைத்து இவர்கள் பிரிக்க வேண்டும். இரைப்பையில் வரும் ஜிஸ்ட் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கிட் மரபணு மாற்றம் இருப்பது 1998-இல் தெரிந்தது, இமாட்டினிப் மாத்திரை வந்து பலருடைய ஆயுள் நீண்டது. அதே கட்டியில் பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவின் டி842வி மாற்றம் இருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது. ஒரு வரியைத் தப்பாகப் படித்தால் நோயாளியின் மாதங்கள் வீணாகும்.

அப்புறம், உங்கள் அண்ணன் சொன்ன 'முன்பே கண்டுபிடிப்பது'. கேராஸ் மாற்றம் கட்டிக்குள் தோன்றுவது, அது பிள்ளைக்கு இறங்காது. ஆனால் எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2 போன்ற மரபணுக்களில் பிறவியிலேயே பிழை இருந்தால் அது லிஞ்ச் நோய்க்குறி, அதாவது பெருங்குடல் புற்றுநோய் வரும் ஆபத்தைப் பரம்பரையாகக் கூட்டுவது. அந்தப் பிழை ஒவ்வொரு பிள்ளைக்கும் இறங்க ஐம்பது சதவீத வாய்ப்பு. இரண்டையும் பிரித்துச் சொல்பவரால்தான் ஒரு குடும்பமே முன்கூட்டி கொலோனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொண்டு தப்பிக்கிறது.

உயிர்வேதியியல் அல்லது மரபியலில் இளநிலை, பிறகு மனித மரபியலிலோ, மரபணுத் தரவுகளைக் கணினியில் ஆராயும் உயிர்த்தகவலியலிலோ முதுநிலை. முதுநிலை இல்லாமல் இதில் நிற்க முடியாது. கூடவே புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் வேண்டும். ஆரம்பச் சம்பளம் டாக்டர் அளவுக்கு இருக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 'ஜீனோமிக்ஸ்' என்று பளபளப்பாகப் பெயர் வைத்துப் பெரிய கட்டணம் கேட்கும் படிப்பு வேண்டாம். ஆய்வகம் தினமும் திறந்திருக்கும் சாதாரணக் கல்லூரி போதும்.

சிகிச்சைக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு காசைக்கூடப் படிப்புக்கு எடுக்காதீர்கள். அடுத்த முறை அண்ணன் வேண்டாம், அவளை மட்டும் அழைத்து வாருங்கள், அந்த அறிக்கையின் நகலோடு.