பயிற்சி முடிந்த திங்கட்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

சென்னிமலைக்குப் பக்கத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். எந்த வகுப்பு என்று பார்க்காமல், பிள்ளைகளை அவரவர் வாசிக்கும் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஆராய்ச்சியில் நிரூபணமான முறை என்றார்கள். எனக்கும் நம்பிக்கை வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்குப் போனால் பதிவேடு, ஆப், பாடம் முடிக்கிற அவசரம். மூன்றே மாதத்தில், பயிற்சியில் கொடுத்த வாசிப்பு அட்டைகள் பீரோவுக்குள் போய்விட்டன. தறி நெய்யும் என் அப்பா, "உனக்கு அக்கறை பத்தலை கண்ணு" என்கிறார். தப்பு என்மேல்தானா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

இல்லைங்க. இதே முறைக்கு வேறு ஊர்களில் நடந்ததைச் சொல்கிறேன். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் இந்த முறையைப் பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் பல மாநிலங்களில் சோதித்தார்கள். பீகாரில் 2008 ஜூனில் நடந்த கோடை முகாமில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. பள்ளி நாட்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் புத்தகமும் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை. முகாமில் அவர்களுக்கு இது ஒன்றுதான் வேலை. பள்ளியில் பாடத்திட்டம் எல்லா நேரத்தையும் எடுத்துக்கொண்டது.

ஹரியானாவில் 2012-13இல் தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினார்கள். மேற்பார்வையாளர்கள் முதலில் 15, 20 நாள் தாங்களே வகுப்பெடுத்துப் பழகினார்கள். அதற்குப் பிறகுதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பள்ளிக்கு வந்தும் கைகொடுத்தார்கள். அங்கே பலன் கிடைத்தது. எனக்கு அந்த 20 நாள்தான் பெரிதாகப் படுகிறது. தானே எடுத்துப் பார்த்த அதிகாரி, வந்ததும் எந்தப் பையன் எங்கே தடுக்குகிறான் என்று கேட்பார். பதிவேடு அப்புறம்.

அப்பாவிடம் கேளுங்கள்: தறிக்குழியில் முதன்முதலாக உட்கார்ந்து இழை அறுந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று. இரண்டு நாள் பேச்சுக் கேட்டா போர்வை நெய்யப் பழகினார்? உங்கள் பக்கத்தில் யாருமே உட்காரவில்லை. அது திட்டம் போட்டவர்கள் விட்ட குறை.

போன வருடம் ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் உட்கார்ந்திருந்தேன். சொல்லட்டையில் 'காடு', மேலே புலிப் படம். நாலாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிச் சரியாகப் படித்துவிட்டாள். படத்தைப் பார்த்ததும் மட்டும் முகம் சுருங்கியது. "காட்டுல கடலைக்கொடி தானுங்க இருக்கும்?" நம் பக்கம் காடு என்றால் விளைநிலம்தானே! டீச்சர் புலியின்மேல் வெள்ளைத்தாளை ஒட்டி, கடலைச்செடியை அவளையே வரையச் சொன்னார். அட்டை, கதை, விளையாட்டு எல்லாவற்றையும் இப்படித் தாராளமாக மாற்றுங்கள். அந்த ஒரு மணி நேரத்தையும், நிலை பார்த்துப் பிரிப்பதையும் மட்டும் தொடாதீர்கள். நேரமில்லை என்றால் எல்லோரும் முதலில் கைவிட்டுவிடுவது அவற்றைத்தான். முறையின் உயிரும் அங்கேதான் இருக்கிறது.

தலைமையாசிரியரிடம் மதிய உணவுக்கு முந்தைய மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்களோடு பயிற்சிக்கு வந்த பக்கத்துப் பள்ளி டீச்சர் யாராவது இருப்பார். வாரம் ஒருநாள் அவர் உங்கள் வகுப்பில் வந்து உட்காரட்டும், நீங்கள் அவர் வகுப்பில். ஆள் கிடைக்காவிட்டால் எழுதுங்கள், நான் வந்து உட்காருகிறேன். பீரோவை மட்டும் இந்த வாரமே திறந்துவிடுங்கள்.