பழைய ஜீப்புக்கு மாற்று பாடி: முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: என்னிடம் இருப்பது 1978 மாடல் ஜீப் சி.ஜே.5. இன்ஜினும் கியர்பாக்ஸும் குறையில்லாமல் ஓடுகின்றன. பாடிதான் போய்விட்டது; கால் வைக்கும் இடத்தில் ரோடு தெரிகிறது. 1968 மாடல் சி.ஜே.5-லிருந்து கழற்றிய பாடி ஒன்று, பானெட், மட்கார்டு, முன் கண்ணாடிச் சட்டத்தோடு முழு செட்டாக விலைக்கு வந்திருக்கிறது. "அப்படியே உட்காரும், போல்ட் மாட்டுகிற வேலைதான்" என்கிறார் விற்பவர். நானும் தம்பியும் வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று இருக்கிறோம். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பெயர் ஒன்றுதான், வண்டி ஒன்றில்லை. 1971 வரை வந்த சி.ஜே.5-ன் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம், 81 அங்குலம். 1972-ல் நீளமான ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு இடம் வேண்டும் என்று வீல்பேஸைச் சுமார் மூன்று அங்குலம் கூட்டினார்கள். கூடவே பானெட்டும் மட்கார்டும் நீண்டன. 1976-ல் பாடியிலும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸிலும் மறுபடி கைவைத்தார்கள், கண்ணாடிச் சட்டமும் மாறியது. அதனால்தான் 1975 வரைக்குமான கூரை அதற்குப் பிந்தைய வண்டிக்குச் சேராது. உங்கள் 1978-க்கும் அந்த 1968-க்கும் நடுவில் இப்படி இரண்டு மாற்றங்கள் இருக்கின்றன. வெட்டி ஒட்டி உட்கார வைத்துவிடலாம்தான். ஆனால் அந்த வெல்டிங் கூலியை முதலிலேயே சரியான வருடத்துப் பாடியில் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

விற்பவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. பழைய வண்டிச் சந்தையில் மாடல் பெயரைச் சொல்லித்தான் பேரம் நடக்கும். வருடத்தைக் கிளறிக் கேட்பவர்கள் குறைவு. நீங்கள் கேளுங்கள். எந்த வருடத்து வண்டி, அதன் வீல்பேஸ் என்ன, பாடியைச் சேசிஸோடு பிணைக்கும் மவுண்ட் ஓட்டைகள் எத்தனை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தூரம் எவ்வளவு என்று கேட்டு, டேப் வைத்த போட்டோவாக அனுப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்குங்க" என்பவரிடம் வாங்காதீர்கள். சி.ஜே.7 பாடி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதன் வீல்பேஸ் உங்களுடையதைவிடச் சுமார் பத்து அங்குலம் அதிகம்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பாடி இந்த அளவுக்கு அரித்துப்போன வண்டியில் சேசிஸ் மட்டும் தப்பித்திருக்கிறதா? பாடிக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் சேசிஸுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். அடியில் படுத்து, ஒரு சின்னச் சுத்தியலால் சேசிஸின் நீளத் தண்டு நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இடம் 'டொக்' என்று அடங்கிவிடும். அங்கே பழைய ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். பாடி மவுண்ட் பிராக்கெட்டின் மேல்பக்கம், பின் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) மாட்டும் இடம், கடைசிக் குறுக்குச் சட்டம் ஆகிய மூன்றிலும்தான் சேறு தங்கும். தண்டு பெட்டி மாதிரி மூடியிருந்தால் துரு உள்ளிருந்து வெளியே வரும், வெளியில் பெயிண்ட் பளபளவென்று இருக்கும். பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள்.

பிறகு கோணல் பார்க்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் இடம் வலம் ஒத்த ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் நான்கு புள்ளி வையுங்கள். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும். மூன்று மில்லிமீட்டர் வரை பழைய வண்டிக்கு விட்டுவிடலாம். ஒரு சென்டிமீட்டர் என்றால் அந்தச் சேசிஸ் எப்போதோ அடிபட்டிருக்கிறது. அதன்மேல் எந்தப் பாடியை வைத்தாலும் கதவு சேராது, பழி பாடி விற்றவர்மேல் விழும்.

கேள்வி: புதிதாக அடித்த இரும்பு டப் (தொட்டி மாதிரி வரும் பாடியின் முக்கியப் பகுதி), ஃபைபர் டப், பழைய வண்டியிலிருந்து எடுத்த ஒரிஜினல் பாடி. இந்த மூன்றில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

பதில்: துருவில்லாத ஒரிஜினல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், ஓட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டுதான் பார்க்க வேண்டும், ஏனென்றால் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்த பாடிகள் ஏராளம். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மேலே ஓட்டுங்கள். பிடி விடும் இடத்தில் பட்டி இருக்கிறது.

புதிய இரும்பு டப்பில் கேட்க வேண்டியது தகட்டின் கனம், மவுண்டுக்கு அடியில் வரும் குறுக்குச் சேனல்கள் வெல்டு ஆகி வருகிறதா, மேலே இருக்கும் கருப்புப் பூச்சு என்ன என்பவை. மின்பூச்சுப் பிரைமர் என்றால் தேய்த்து அதன்மேலேயே வேலையைத் தொடரலாம். வழியில் துருப்பிடிக்காமல் இருக்க அடித்த வெறும் கருப்பு என்றால் முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் பெயிண்டுக்குப் போக வேண்டும், அந்தக் கூலியும் உங்கள் கணக்கில் சேரும். விலைப்பட்டியலில் இது வராது.

ஃபைபர் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. வேறு தலைவலிகள் உண்டு. அதில் மின்சாரம் ஓடாது. இரும்புப் பாடியில் ஒவ்வொரு விளக்கும் பாடி வழியாகவே எர்த் ஆகிவிடும், இங்கே ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். டப் மாற்றிய பிறகு இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மினுக்குகிறது என்று புலம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் எர்த்தில்தான் கோளாறு. அதைவிட முக்கியம் சீட் பெல்ட். வெறும் ஃபைபரில் போல்ட் போட்டு பெல்ட் மாட்டினால் மோதலில் பெல்ட் போல்ட்டோடு பிய்ந்து வரும். பெல்ட்டும் ரோல் கேஜும் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் குழாய்க்கூண்டு) சேசிஸோடு பிணைந்த இரும்பில் நிற்க வேண்டும். 'உள்ளே இரும்புத் தகடு வைத்து வார்த்திருக்கிறோம்' என்று விற்பவர் சொன்னால், எந்த எந்த இடத்தில் என்று படம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு பேர், ஒரு வாரக் கடைசி. முடியுமா?

பதில்: பாடியைத் தூக்கி வைக்க ஒரு மணி நேரம் போதும். அதைத் தூக்க விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் சங்கதிகளுக்குத்தான் நாட்கள் போகும். பேட்டரி, ஸ்டியரிங் தண்டு, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பைப், கிளட்ச் இணைப்பு, ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஹீட்டர் குழாய், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள், பெட்ரோல் ஊற்றும் குழாய், கியர் லீவர்கள், எர்த் பட்டைகள். இதில் ஒன்றை மறந்து தூக்கினாலும் அது அறுந்துதான் உங்களுக்கு ஞாபகப்படுத்தும். எர்த் பட்டையைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். ஒவ்வொரு ஒயரிலும் மாஸ்கிங் டேப் சுற்றி எழுதிவிட்டு, கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேங்கைக் காலிசெய்து அப்புறப்படுத்திவிட்டுத்தான் கிரைண்டரைத் தொட வேண்டும்.

உண்மையான சண்டை மவுண்ட் போல்ட்டோடு. பல வருட ஈரத்தில் போல்ட்டும் உள்ளே இருக்கும் இரும்புக் குழலும் ஒன்றாகிப் போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை ஒரு வாரம் முன்பே தினமும் விட்டு வாருங்கள். ரிஞ்சில் நீட்டுக் குழாய் போட்டு ஒரே மூச்சில் திருப்பாதீர்கள். பாடிக்குள் வெல்டு செய்து வைத்திருக்கும் நட்டு பிய்ந்து, போல்ட்டோடு சேர்ந்து வீணாகச் சுற்ற ஆரம்பிக்கும். அப்புறம் தளத்தை வெட்டாமல் வழியில்லை. கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டு, இப்படித்தான் வரும். போகிற பாடியில் இது பெரிய நஷ்டமில்லை. பழைய ஒரிஜினலை நீங்களே கழற்றி எடுத்துக்கொள்வதாகப் பேசி வாங்கியிருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

காலியான டப்பை நான்கைந்து பேர் சேர்ந்து தூக்கிவிடலாம், இரண்டு பேர் முயல வேண்டாம். செயின் பிளாக் இருந்தாலும் அதை மட்டும் நம்பிப் பாடிக்கு அடியில் போகக் கூடாது. கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்த பிறகே கை நீட்டுங்கள். அரித்துப்போன பாடியைத் தூக்கும்போது வாசல் இடத்தில் மடங்கும், குறுக்கே ஒரு குழாயை வெல்டு வைத்துக்கொண்டால் வளையாது. புதிதை ஏற்றும்போது எல்லா போல்ட்டையும் கையால் மாட்டி, பானெட்டும் கதவும் சீராக நிற்கிறதா என்று பார்த்து, தேவையான மவுண்டில் தகடு வைத்து உயர்த்தி, அதன்பிறகே இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் எல்லாவற்றையும் புதிதாகவே போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ரப்பர் அமுங்கும். மறுபடி ஒரு சுற்று இறுக்கம் வேண்டும். பிரேக்கில் காற்று எடுக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி: லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டி ஒன்று பார்த்தேன். "அலுமினியப் பாடி, ஆயுசுக்கும் துருப்பிடிக்காது" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பாதி உண்மை. 1948-ல் அந்த வண்டி வந்தபோது போருக்குப் பிந்தைய இரும்புத் தட்டுப்பாடு. அதனால்தான் வெளித் தகடுகளை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். சேசிஸ் அப்போதும் இரும்பு. டாஷ்போர்டையும் கண்ணாடியையும் முன் கதவையும் தாங்கி நிற்கும் பல்க்ஹெட்டும் பிற்பாடு வந்த வண்டிகளில் இரும்புதான். கால் வைக்கும் குழியிலும், கதவுத் தூணின் அடியிலும், மேல் மூலைகளிலும் அது அரிக்கும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் உரசும் இடத்தில் அலுமினியமே வெள்ளைப் பொடியாக உதிரும். இந்த வண்டியில் பாடி என்பது ஒரே துண்டும் அல்ல. எல்லாம் போல்ட் போட்ட பலகைகள். தனித்தனியாக மாற்றலாம், வீட்டு வேலைக்கு இதைவிடத் தோதான வண்டி குறைவு. ஆனால் விலை பேசும்போது பளபளக்கும் மட்கார்டை விட்டுவிட்டு, மிதியடியைத் தூக்கி பல்க்ஹெட்டைப் பாருங்கள்.

கேள்வி: வண்டியின் அடையாள எண் பொறித்த நம்பர் தகடு பழைய பாடியில் ரிவிட் அடித்திருக்கிறது. கழற்றிப் புதியதில் ஒட்டிவிட்டால் போதும்தானே?

பதில்: தொடாதீர்கள். பல நாடுகளில் அந்த ரிவிட்டை நீங்களாக எடுப்பதே குற்றம், திருட்டு வண்டிக்கு அடையாளம் மாற்றுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். வாகனப் பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு பாடியை வாங்குங்கள். விற்பவரிடம் அந்தப் பாடி எந்த வண்டியுடையது என்பதற்கான காகிதமும் ரசீதும் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். ஃபைபர் என்றால் கட்டாயம்.

கேள்வி: புது டப் வாங்கிப் பெயிண்ட் அடித்து ஏற்றினோம். பின் மவுண்ட் ஓட்டை அரை அங்குலம் தள்ளி நிற்கிறது. விற்ற நிறுவனம் 'பெயிண்ட் அடித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறது.

பதில்: அவர்கள் பக்கம் வலுவாக இருக்கிறது என்பதுதான் கசப்பான விஷயம். ஆனாலும் ஓட்டை தள்ளியிருப்பது செய்தவர்களின் பிழை, அதற்குப் பெயிண்ட் காரணமில்லை. உங்கள் சேசிஸ் அளவையும் டப் அளவையும் டேப் வைத்துப் படமெடுத்து, உள்ளூர் பட்டறையில் சரிசெய்ய ஆகும் தொகையை மட்டும் கேட்டு எழுதுங்கள். முழுப் பணம் கேட்டால் இழுத்தடிப்பார்கள், ரிப்பேர் கூலிக்கு இறங்கி வர வாய்ப்பு உண்டு. அதுவரை அந்த ஓட்டையை ராவவோ வெட்டவோ வேண்டாம். இனி வாங்கப்போகிறவர்கள், டப்பை வந்த கோலத்திலேயே சேசிஸில் ஒருமுறை ஏற்றி, கதவு, பானெட், கண்ணாடிச் சட்டம் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு இறக்குங்கள். பிறகுதான் பெயிண்ட். தூக்கி இறக்கும் வேலை இரட்டிப்பாகும், பரவாயில்லை.

கேள்வி: கழற்றிய பழைய பாடியை உடனே காயலான் கடைக்குப் போடலாமா?

பதில்: புது பாடியோடு வண்டி ரோட்டில் ஓடும்வரை வைத்திருங்கள். புது டப்பில் வராத சின்ன பிராக்கெட், கிளிப், கீல் என்று ஏதாவது ஒன்றுக்கு அதைத் தேடி ஓட வேண்டியிருக்கும். ஒயர் எந்த ஓட்டை வழியாகப் போனது என்பதும் அதில்தான் தெரியும். நம்பர் தகடு விவகாரம் முடியாமல் இருந்தால், எவ்வளவு இடத்தை அடைத்தாலும் அந்தத் தகடு இருக்கும் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் வரும் தடுப்பு) துண்டை மட்டுமாவது வெட்டாமல் பத்திரமாக வைக்க வேண்டும்.