வேல்ஸின் வாய்மொழிக் கதைகள் எழுத்தில் எவ்வாறு தங்கின?

இடைக்கால வேல்ஸில் வாய்வழியே வழங்கிய கதைகள் இன்றுவரை எவ்வாறு பிழைத்தன என்று கேட்டால், முதலில் இரண்டு தோல் சுவடிகளைத்தான் சுட்ட வேண்டும். 1350-ஐ ஒட்டி உருவான 'ரதர்க்கின் வெள்ளை நூல்' அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1382-க்குப் பின் ஹாப்கின் ஆப் டோமோஸ் என்ற செல்வருக்காகப் படியெடுக்கப்பட்ட 'ஹெர்கெஸ்ட்டின் சிவப்பு நூல்' ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது. வேல்ஸின் பழந்தொன்மக் கதைகள் நான்கைக் கொண்ட 'மாபினோகியின் நான்கு கிளைகள்' முழுமையாகக் கிடைப்பது இவற்றால்தான்.

அவற்றுள் நான்காம் கிளையில், மந்திரவாதியான க்விடியன் புலவர் வேடத்தில் பிரதெரி என்னும் அரசனின் அவைக்குச் சென்று, இரவு முழுவதும் கதை சொல்லி அவையோரை மகிழ்விக்கிறான். கதைசொல்லல் அரசவைக் கலையாக மதிக்கப்பட்டதைக் கதையே காட்டிவிடுகிறது. புலவர்களோ பழங்கதை மாந்தரை மும்மூன்றாகத் தொகுத்த 'முப்பொருள்' வாய்பாடுகளைக் கொண்டு நினைவில் வைத்தனர்.

ஆயினும் எல்லாம் வாய்மொழியின் அப்பட்டமான பதிவு என்று கொள்வது தவறு. சிவப்பு நூலில் மட்டுமே எஞ்சிய 'ரொனாபுயின் கனவு' என்ற கதை, குதிரைகளின் நிறங்களும் ஆடை, ஆயுத விவரங்களும் அத்தனை இருப்பதால், புலவரோ கதைசொல்லியோ எவராயினும் ஏடின்றி இதனைச் சொல்ல இயலாது என்று, சற்றே குறும்பாக, முடிகிறது. வெள்ளை நூல் சிதறாமல் நமக்குக் கிடைத்ததில், 17-ஆம் நூற்றாண்டில் ஹெங்குர்ட் மாளிகையில் சுவடிகளைத் திரட்டிய ராபர்ட் வான் என்பவருக்குப் பெரும் பங்குண்டு.